நுரையீரல் கேன்சர் டார்கெட்டட் மாத்திரைக்கு கிளினிக்கல் ட்ரயல் டிசைன் பண்றது எப்படி: நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் நுரையீரல் கேன்சர்னு சொன்னதும் எல்லாரும் கேக்குற மொத கேள்வி "பீடி சிகரெட் பழக்கம் உண்டா?". வாழ்நாள்ல புகையிலையவே தொடாத ஒரு ஆச்சிக்கு அது வந்துருக்குன்னு தெரிஞ்சா வீடே குழம்பிப் போயிடுது. ஆனா புகைபிடிக்காதவங்களுக்கு வர்ற அடினோகார்சினோமா வகையிலதான் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாதிரி ஜீன் மாற்றங்கள் அதிகமா கிடைக்குது, அது கிடைச்சா தினமும் வீட்லயே முழுங்குற மாத்திரையில வருஷக்கணக்கா நோயைக் கட்டுக்குள்ள வைக்க வழி இருக்கு. அந்த மாத்திரை ஒவ்வொண்ணும் ஒரு ட்ரயல், அதாவது நோயாளிகள வச்சு மருந்தைச் சோதிக்கிற ஆய்வு, வழியாத்தான் வந்துச்சு. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க நிறைய பேரு இப்ப ஃபார்ம் டி, எம்டி, நர்சிங், ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு படிச்சுட்டு ட்ரயல் வேலைக்கு வர்றாங்க. அவங்க ப்ரோட்டோகால், அதாவது ட்ரயலோட முழுத் திட்டத்தை, எழுத உக்காரும்போது பக்கத்துல வச்சுக்கட்டும்னுதான் இதை எழுதுறேன், நானும் இதே வேலையில இருக்குறவன்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன். கீமோ ட்ரயலுக்கும் டார்கெட்டட் (குறிப்பிட்ட ஜீன் மாற்றத்தையே குறிவைக்கிற மருந்து) ட்ரயலுக்கும் பெரிய வித்தியாசம், இங்க மருந்துக்கு முன்னாடி டெஸ்ட்டை டிசைன் பண்ணணும். யாருக்குக் குடுக்கப்போறோம், அவங்கள எந்த டெஸ்ட்டால கண்டுபிடிக்கப்போறோம், அந்த டெஸ்ட் திருச்சி மதுரைல நடக்குமா, ரிசல்ட் எத்தனை நாள்ல வரும், இதெல்லாம் முடிவாகாம மத்த எதையும் எழுத ஆரம்பிக்காதீங்க.

1. கேள்விய ஒரே வாக்கியத்துல எழுதுங்க

யாரு, எந்த மருந்து, எதோட ஒப்பிடுறோம், எதை அளக்கப்போறோம். நாலும் ஒரே வாக்கியத்துல வரணும். நான் கீழ பூரா ஒரே உதாரணத்தைத்தான் இழுத்துட்டுப் போகப்போறேன்: "இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள, நாலாம் ஸ்டேஜ்ல இருக்குற, இதுவரைக்கும் சிகிச்சையே எடுக்காதவங்களுக்கு, இப்ப இருக்குற மாத்திரையோட ஒப்பிட்டா புது மாத்திரை நோய் வளராம இருக்குற காலத்தைக் கூட்டுதா?" அவ்வளவுதான். இதுல ரெண்டாவது கேள்வி ஒண்ணை ஒட்ட வைக்கணும்னு எல்லாருக்கும் ஆசை வரும், வேணாம், அது துணைக் கேள்வியா கீழ இருக்கட்டும்.

2. யாருக்கு? இங்கதான் ட்ரயல் ஜெயிக்குறதும் தோக்குறதும்

இதுக்குப் பழைய கதை ஒண்ணு தெரிஞ்சிருக்கணும். ஜெஃபிடினிப்னு ஒரு மாத்திரை. 2005ல ஐசெல்னு ஒரு ட்ரயல் ரிசல்ட் வந்துச்சு, 1692 பேர், ஜெஃபிடினிப் ஒரு பக்கம், ப்ளாசிபோங்குற மருந்தில்லாத போலி மாத்திரை ஒரு பக்கம். ஜீன் டெஸ்ட்டெல்லாம் பாத்து ஆள் எடுக்கல, நுரையீரல் கேன்சர் இருந்து கீமோ கேக்காதவங்க எல்லாரையும் சேத்துட்டாங்க. உயிர்வாழும் காலத்துல உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல. மருந்து போச்சுன்னு பலர் நெனச்சாங்க. ஆனா அதுக்குள்ளேயே ஆசியக்காரங்க, புகைபிடிக்காதவங்க கூட்டத்துல மட்டும் பலன் தெரிஞ்சுது.

அப்புறம் 2009ல ஐபாஸ் வந்துச்சு. கிழக்கு ஆசியாவுல 1217 பேர், புகைபிடிக்காதவங்க இல்ல கொஞ்சமா பிடிச்சு விட்டவங்க, எல்லாருமே அடினோகார்சினோமா. ஜெஃபிடினிப் ஒரு ஆர்ம் (பிரிவு), கார்போபிளாட்டின் பாக்லிடாக்சல் கீமோ இன்னொரு ஆர்ம். நோய் வளராம இருந்தவங்க விகிதத்தைக் காட்டுற ரெண்டு கோடும் நடுவுல ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போச்சு, அதாவது மொதல்ல கீமோ மேல, அப்புறம் மாத்திரை மேல. ஏன்னு பாத்தா ரெண்டு வேற வேற கூட்டம் ஒரே ட்ரயலுக்குள்ள கலந்து கெடக்கு. இஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தவங்களுக்கு மாத்திரையில ஹசார்ட் ரேஷியோ 0.48, அதாவது நோய் வளர்ற ஆபத்து பாதிக்கும் கீழ. மாற்றம் இல்லாதவங்களுக்கு 2.85, மாத்திரை குடுத்ததால அவங்களுக்குக் கெடுதல்தான் நடந்துச்சு. ஒரே மாத்திரை! புகைபிடிக்கல, ஆசியக்காரங்க, பொம்பளைங்கன்னு வெளித்தோற்றத்த வச்சு ஆள் எடுக்குறது பத்தாது, ஜீனைப் பாத்துத்தான் ஆகணும்னு அதுக்கப்புறம் யாருக்கும் சந்தேகம் இல்லாமப் போச்சு.

அதனால உங்க முன்னாடி மூணு வழி இருக்கு. மாற்றம் உள்ளவங்கள மட்டும் எடுக்குறது. எல்லாரையும் டெஸ்ட் பண்ணி, எல்லாரையும் சேத்து, டெஸ்ட் ரிசல்ட்படி தனித்தனியா பிரிச்சுப் பாக்குறது. டெஸ்ட்டே இல்லாம எடுத்துட்டு பின்னாடி பாக்குறது. மூணாவதை மறந்துடுங்க. மாற்றம் இல்லாதவங்களுக்குப் பலன் இருக்காதுங்குறதுக்கு லேப்லயும் ஃபேஸ் ஒண்ணுலயும் நல்ல ஆதாரம் இருந்தா முதல் வழி (ட்ரயல் மூணு ஃபேஸா போகும்: ஒண்ணுல டோஸும் பாதுகாப்பும், ரெண்டுல பலன் இருக்கா, மூணுல ஏற்கனவே இருக்குற வைத்தியத்தை மிஞ்சுதா). ஆதாரம் அரைகுறையா இருந்தா ரெண்டாவது வழி, செலவு கூடினாலும் பரவால்ல.

ஒரு டெஸ்ட் பண்ணி ஒரே நேரத்துல பல மருந்துக்குப் பிரிச்சு விடுற அம்ப்ரெல்லா (குடை) டிசைனும் இருக்கு, அமெரிக்காவுல 2014ல ஆரம்பிச்ச லங் மேப் அப்படித்தான். அரிய மாற்றங்களுக்கு அது ரொம்ப நல்ல வழி, ஆனா அதுக்குப் பெரிய நெட்வொர்க் வேணும். நம்ம நாட்டுல நேஷனல் கேன்சர் க்ரிட் 2012லயே வந்துருச்சு, அந்த மாதிரி கூட்டமைப்போட சேந்து போனாதான் ஆகும்.

3. டெஸ்ட்: பயாப்ஸி பிளாக் எங்க இருக்கு?

ப்ரோட்டோகால்ல "இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்"னு ரெண்டு வார்த்தை எழுதிட்டுப் போயிடுறாங்க. எந்த மாற்றம்? எக்ஸான் 19 டெலிஷனா, எல்858ஆரா, எக்ஸான் 20 இன்சர்ஷனா? மூணாவது வழக்கமான மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் கேக்காது. தெரிஞ்ச சில மாற்றங்களை மட்டும் தேடுற பிசிஆர் டெஸ்ட்டா, பல ஜீனை ஒரே தடவைல படிக்கிற என்ஜிஎஸ்ஸா? ரத்தத்துல எடுத்தாலும் ஒத்துக்குவோமா? ரத்தத்துல பாசிட்டிவ் வந்தா நம்பலாம், நெகட்டிவ் வந்தா அதை வச்சு முடிவு பண்ணக்கூடாது, திசுவுலயும் பாக்கணும்னு எழுதி வைங்க.

நடைமுறைல என்ன ஆகும்னா, நோயாளிக்கு பயாப்ஸி ஒரு ஊர்ல எடுத்திருப்பாங்க, பிளாக், அதாவது மெழுகுல பதிச்ச திசு, அந்த லேப்ல இருக்கும், ட்ரயல் நடக்குறது மதுரைலயோ சென்னைலயோ. வீட்டுக்காரங்க கையில ரிப்போர்ட் மட்டும்தான் இருக்கும், பிளாக்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. பிளாக் வந்து சேந்தாலும் ஊசி பயாப்ஸியில எடுத்த துணுக்கு, ஏற்கனவே கேன்சர் வகை பாக்குறதுக்கே பாதி வெட்டித் தீந்திருக்கும். அதனால ப்ரோட்டோகாலோட ஒரு பக்க லேப் வழிமுறை கட்டாயம் இருக்கணும்: குறைஞ்சது எத்தனை ஸ்லைடு வேணும், கேன்சர் செல் எவ்வளவு இருக்கணும், பிளாக்கை யாரு போய் வாங்குறது, பத்தலைன்னா திரும்ப பயாப்ஸி எடுக்கலாமா, அந்தச் செலவு யாரோடது. கடைசி கேள்விக்குப் பதில் ட்ரயலுக்குப் பணம் போடுற ஸ்பான்சரோடதுன்னுதான் இருக்கணும், நோயாளி தலையில கட்டக்கூடாது.

காத்திருக்குற காலமும் கணக்குல வரணும். மூச்சு வாங்கிட்டு இருக்குறவங்களை மூணு வாரம் ரிசல்ட்டுக்குக் காக்க வச்சா, கீமோ ஆரம்பிச்சுட்டு ட்ரயலே வேணாம்னு போயிடுவாங்க, தாங்குற தெம்பு உள்ளவங்க மட்டும் உள்ள வருவாங்க, உங்க ரிசல்ட் அசல விட அழகாத் தெரியும்.

4. எவ்வளவு டோஸ்

கீமோ காலத்துப் பழக்கம், மூணு மூணு பேரா டோஸை ஏத்திட்டே போய் தாங்க முடியாத எடத்துக்கு ஒரு படி கீழ நிக்குறது. டார்கெட்டட் மாத்திரைக்கு இது பொருந்தாது. டார்கெட் முழுசா அடைபட்ட பிறகு டோஸை ஏத்தினா பக்கவிளைவுதான் ஏறும். ஜெஃபிடினிப்பை 250 மி.கி. 500 மி.கி. ரெண்டும் ஒப்பிட்டப்ப கட்டி சுருங்குன விகிதம் ஏறக்குறைய ஒண்ணுதான், 250லதான் தொந்தரவு கம்மி. பின்னாடி வந்த இன்னொரு இஜிஎஃப்ஆர் மாத்திரை ஆசிமெர்டினிப்பை 20ல இருந்து 240 மி.கி. வரைக்கும் பாத்தாங்க, டோஸை நிறுத்துற அளவு நச்சுத்தன்மை எந்தப் படியிலயும் வரல, இருந்தும் 80தான் எடுத்தாங்க. கேராஸ் ஜீன் மாற்றத்துக்கான சோட்டோராசிப்புக்கு 2021ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அனுமதி குடுக்கும்போதே, 960 மி.கி.ய விடக் கம்மி டோஸோட ஒப்பிட்டுக் காட்டுன்னு நிபந்தனை போட்டுத்தான் குடுத்துச்சு. அந்த வருஷமே ப்ராஜெக்ட் ஆப்டிமஸ்னு டோஸுக்காகவே தனித் திட்டமும் கொண்டு வந்தாங்க. அதனால ஃபேஸ் ரெண்டுலயே ரெண்டு டோஸை ரேண்டமைஸ் பண்ணி, அதாவது யாருக்கு எதுன்னு குலுக்கல் மாதிரி பிரிச்சு, பாக்குற மாதிரி டிசைன் பண்ணுங்க. வருஷக்கணக்கா சாப்பிடப்போற மாத்திரை இது.

சாப்பாட்டையும் சேத்து யோசிக்கணும். செரிடினிப்னு ஏஎல்கே மாத்திரை, வெறும் வயித்துல 750 மி.கி. குடுத்தப்ப வாந்தி பேதி தாங்கல, சாப்பாட்டோட 450 மி.கி. குடுத்தா ரத்தத்துல அதே அளவு வருது, வயித்துத் தொந்தரவும் கம்மின்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க. உங்க ப்ரோட்டோகால்ல "கொழுப்பு குறைவான உணவுடன்"னு இருந்தா அதை அப்படியே நோயாளி கைல குடுக்காதீங்க. இட்லி இடியாப்பம் ஆகும், வெள்ளைப் பணியாரமும் நெய் விட்ட கும்மாயமும் அந்த வேளைக்கு ஆகாதுன்னு எழுதிக் குடுங்க, செட்டிநாட்டு வீட்ல அப்பத்தான் புரியும். வயித்துப்புண்ணுக்குத் தானா வாங்கிப் போடுற ஒமெப்ரசோல் சில மாத்திரைகள உடம்புல சேர விடாது. நாட்டு மருந்து, சூரணம், லேகியம் எடுக்குறாங்களான்னு திட்டாம கேளுங்க, திட்டினா மறைச்சுடுவாங்க, மறைச்சா உங்க டேட்டாதான் கெடும்.

5. கன்ட்ரோல் ஆர்ம்ல இருக்குறவங்களுக்கு என்ன கிடைக்குது

என்னைக் கேட்டா ஒரு ட்ரயலோட நேர்மைய கன்ட்ரோல் ஆர்ம, அதாவது ஒப்பிடுறதுக்காக வச்ச பிரிவ, பாத்தே சொல்லிடலாம். ஃப்ளாரா ட்ரயல்ல 556 பேர், ஒரு பக்கம் ஆசிமெர்டினிப், மறுபக்கம் அப்போ வழக்கத்துல இருந்த ஜெஃபிடினிப் இல்ல எர்லோடினிப். நோய் வளராத காலம் 18.9 மாசம், அந்தப் பக்கம் 10.2 மாசம். கன்ட்ரோல் பக்கம் நோய் வளர்ந்து, பழைய மாத்திரையக் கேக்க விடாத டி790எம் மாற்றம் வந்தவங்களுக்கு ஆசிமெர்டினிப்புக்கு மாற வழி விட்டிருந்தாங்க, அப்படி விட்டும் மொத்த உயிர்வாழும் காலம் 38.6க்கு 31.8 மாசம்னு வித்தியாசம் நின்னுச்சு. அதனாலதான் அந்த ரிசல்ட்டை யாராலயும் அசைக்க முடியல.

இன்னைக்கு ஃபேஸ் மூணு எழுதுறப்ப நம்ம நாட்டுல ஒரு சங்கடம் வரும். உலகத்தரம் ஆசிமெர்டினிப், ஆனா நிறைய வீட்டுக்கு அது கட்டுபடியாகாது, ஜெனரிக் ஜெஃபிடினிப்தான் ஓடுது. கன்ட்ரோலுக்கு எது? கம்பெனி நடத்துற ட்ரயலா இருந்தா நல்ல மருந்தை ஓசியில குடுத்துத்தான் ஆகணும்னு நான் ஆணித்தரமா சொல்லுவேன். டாக்டர்களே நம்ம நிலைமைக்காக நடத்துற ட்ரயலா இருந்தா கேள்வியவே நம்ம நிலைமைக்கு ஏத்தாப்ல மாத்தலாம். மும்பை டாட்டா மெமோரியல்ல அதைச் செஞ்சு காட்டிட்டாங்க. 350 பேர், ஜெஃபிடினிப் மட்டும் ஒரு பக்கம், ஜெஃபிடினிப்போட பெமெட்ரெக்செட் கார்போபிளாட்டின் சேத்து இன்னொரு பக்கம். நோய் வளராத காலம் 8 மாசத்துல இருந்து 16 மாசம் ஆச்சு. தீவிரமான பக்கவிளைவும் 25 சதவீதத்துல இருந்து 51 சதவீதத்துக்குப் போச்சு, அதையும் மறைக்காம வெளியிட்டாங்க. 2020ல வந்த இந்த ஒரு பேப்பரைப் புதுசா வர்றவங்க மொத மாசமே படிச்சுடுங்க, ஒரே மையத்துல, கிடைக்குற மருந்துல, உலகமே பாக்குற கேள்விய எப்படிக் கேக்குறதுன்னு அதுல இருக்கு.

ஒரு பக்கம் மாத்திரை இன்னொரு பக்கம் ஊசின்னா யாருக்கு என்ன கிடைச்சுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அங்க வர்ற ஆபத்துக்கு கோட்பிரேக் 200 உதாரணம். 345 பேர், சோட்டோராசிப் மாத்திரை, எதிர்ல டோசிடாக்சல் கீமோ. ஊசி பக்கம் விழுந்தவங்கள்ல கணிசமான பேரு ஆரம்பத்துலயே வெளிய போயிட்டாங்க. நோய் வளராத காலத்துல வித்தியாசமோ 5.6க்கு 4.5 மாசம்தான். 2023 அக்டோபர்ல எஃப்டிஏ நிபுணர் குழு 10க்கு 2ன்னு ஓட்டுப் போட்டு இந்த முடிவை நம்ப முடியாதுன்னு சொல்லிருச்சு. ஐந்தொகை போடும்போது பத்துப் பக்கத்துல ரெண்டு பக்கத்தைக் காணோம்னா மிச்சம் எப்படி நேராகும், அதே கதைதான். தடுக்க என்ன வழி? நோய் வளர்ந்தா மாத்திரைக்கு மாறலாம்னு முன்னாடியே உறுதி குடுங்க. ஸ்கேனை எந்த ஆர்ம்னு தெரியாத வெளி ரேடியாலஜிஸ்ட் குழு படிக்கட்டும். மருந்தை நிறுத்தினாலும் ஸ்கேனுக்கு மட்டும் வாங்கன்னு சம்மதம் வாங்குறப்பவே பேசுங்க.

மாத்திரைக்கு மாத்திரையா இருந்து ப்ளாசிபோ வச்சாலும் இஜிஎஃப்ஆர் மருந்துக்கு மொகத்துல பரு மாதிரி வெடிக்கும், டாக்டருக்கும் நோயாளிக்கும் புரிஞ்சுடும். அதையும் எதிர்பாத்து டிசைன் பண்ணணும்.

6. எதை அளக்குறது

கட்டி சுருங்குன விகிதம், நோய் வளராத காலம், மொத்த உயிர்வாழும் காலம், வாழ்க்கைத் தரம். ஃபேஸ் ரெண்டுக்கு முதலாவது போதும். ஃபேஸ் மூணுக்கு நோய் வளராத காலத்தை முதன்மையா வச்சு, உயிர்வாழும் காலத்தை அடுத்த படியில வைக்கிறதுதான் இப்ப வழக்கம், ஏன்னா ஆர்ம் மாறுறதுக்கு வழி விட்டா உயிர்வாழும் கணக்குல வித்தியாசம் கரைஞ்சு போகும். ஆனா நோய் வளராத காலம் ஸ்கேன் தேதிய நம்பி நிக்குது. ரெண்டு ஆர்முக்கும் ஒரே இடைவெளி, ஆறு இல்ல எட்டு வாரத்துக்கு ஒருக்கா, பிசகக்கூடாது. ரெசிஸ்ட் 1.1 விதிப்படி அளந்த கட்டிகளோட மொத்த நீளம் 30 சதவீதம் குறைஞ்சா பலன், ஆகக் கம்மியா இருந்த அளவுல இருந்து 20 சதவீதமும் குறைஞ்சது 5 மி.மீ.யும் கூடினா நோய் வளர்ந்திருக்கு. அஞ்சு கட்டிக்கு மேல அளக்க வேணாம், ஒரு உறுப்புல ரெண்டு.

மூளைய விட்டுறாதீங்க. இந்த வகை கேன்சர் மூளைக்குப் போறது ஜாஸ்தி. ஏஎல்கே மாற்றம் உள்ள 303 பேர் இருந்த அலெக்ஸ் ட்ரயல்ல அலெக்டினிப் எடுத்தவங்கள்ல 12 சதவீதம் பேருக்கும், க்ரிசோடினிப் எடுத்தவங்கள்ல 45 சதவீதம் பேருக்கும் மூளைல நோய் வளர்ந்துச்சு. அந்த ஒரு எண்ணே பல டாக்டர்களோட மனச மாத்துச்சு. ஆரம்பத்துலயே எல்லாருக்கும் எம்ஆர்ஐ எடுக்கலைன்னா இப்படி ஒரு முடிவை உங்களால சொல்லவே முடியாது.

வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள்ல ஈஓஆர்டிசி க்யூஎல்க்யூ சி30 தமிழ்லயே இருக்கு. பெரிய எழுத்துல அடிச்சு வைங்க.

7. எத்தனை பேர் வேணும்

ஸ்டாட்டிஸ்டிஷியன் கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க, கணக்கு சின்னதுதான். தேவையான நிகழ்வுகள், அதாவது நோய் வளர்ந்தவங்க இல்ல இறந்தவங்க எண்ணிக்கை, 31.36ஐ ஹசார்ட் ரேஷியோவோட இயல் மடக்கையின் (கால்குலேட்டர்ல ln) வர்க்கத்தால வகுத்தா வரும். இது 80 சதவீத பவர் (உண்மையான பலனைக் கண்டுபிடிக்கிற வாய்ப்பு), ரெண்டு பக்க 5 சதவீதம் (இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு தப்பா சொல்ற வாய்ப்பு), ரெண்டு ஆர்முக்கும் சமமா பிரிக்கிறப்ப. நம்ம உதாரணத்துல 10 மாசத்தை 15 மாசம் ஆக்கப்போறோம்னா ஹசார்ட் ரேஷியோ 0.67 கிட்ட, 191 நிகழ்வு வேணும். பவர் 90 சதவீதம் வேணும்னா 256. பத்தை இருபது ஆக்குற அளவுக்கு வீரியமான மருந்துன்னா 66 போதும். பத்தை பன்னெண்டு ஆக்குற மருந்துன்னா 940க்கு மேல! சின்னப் பலனுக்குத்தான் பெரிய ட்ரயல் தேவைப்படுதுங்குறது இங்கயே தெரிஞ்சுடும். அந்த ரெண்டு மாசத்துக்காக இத்தனை பேரோட ஒழைப்பு தகுமான்னு கேள்வி கேட்டுக்குறதுக்கும் இதுதான் நேரம்.

191 நிகழ்வுக்கு 260 பேர் வேணும்னு வச்சுக்குவோம். இப்ப டெஸ்ட் கணக்குக்குத் திரும்புங்க. அடினோகார்சினோமாவுல நாலுல ஒருத்தருக்கு இஜிஎஃப்ஆர்னு எடுத்துக்கிட்டு, பாசிட்டிவ் வந்தவங்கள்ல மூணுல ரெண்டு பேருதான் உள்ள வருவாங்கன்னு வச்சா 390 பாசிட்டிவ் வேணும், அதுக்கு 1560 பேருக்கு ரிசல்ட் வேணும், 15 சதவீத சாம்பிள் வேலைக்கு ஆகாதுன்னு வச்சா 1836 பேரோட பிளாக் வேணும். 260னு நெனச்சு பட்ஜெட் போட்டவங்க இங்கதான் மாட்டிக்குவாங்க. ஏஎல்கேன்னா 25 பேருக்கு ஒருத்தர், இன்னும் கஷ்டம்.

ஃபேஸ் ரெண்டுக்கு சைமன் ரெண்டு கட்ட டிசைன் இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு. 20 சதவீதம் பேருக்குக் கேட்டா வேஸ்ட், 40 சதவீதம் பேருக்குக் கேட்டா மேல போலாம்னு வச்சா, மொதல்ல 13 பேர், அதுல 3 இல்ல அதுக்கும் கம்மியா கேட்டா அங்கயே நிறுத்திடணும், இல்லாட்டி 43 வரைக்கும் போயி 12க்கு மேல கேட்டாத்தான் மருந்துக்கு எதிர்காலம். ரொம்ப அரிய மாற்றத்துக்கு ஒரே ஆர்ம் வச்சு அனுமதி வாங்குறதும் உண்டு. அப்படி ரெட் ஜீன் மாற்றத்துக்கு வந்த செல்பெர்கடினிப் பின்னாடி நடந்த ரேண்டமைஸ்ட் ட்ரயல்லயும் ஜெயிச்சுது. எக்ஸான் 20க்கு அதே வழியில 2021ல வந்த மோபோசெர்டினிப், அடுத்த ட்ரயல்ல கீமோவை மிஞ்சல, 2023ல திரும்பப் பெறுறதா அறிவிச்சுட்டாங்க. ஒரே ஆர்ம்ல ஆரம்பிக்குறவங்க உறுதி பண்ற ட்ரயலையும் கையோட ஆரம்பிச்சுடணும்.

ரேண்டமைஸ் பண்ணும்போது மாற்றத்தோட வகை, மூளைல இருக்கா, உடல்நிலை, இந்த மூணுக்கு மேல பிரிவு வைக்காதீங்க. நெறைய வச்சா ஒவ்வொரு கட்டத்துலயும் ஒருத்தர் ரெண்டு பேர்னு சிதறிடும்.

8. யார உள்ள விடுறது, யார வெளிய நிறுத்துறது

மத்த நாட்டு ப்ரோட்டோகாலை எடுத்து ஒட்டுனா உடல்நிலை 0, 1 உள்ளவங்க மட்டும்னு இருக்கும் (0ன்னா முழுத் தெம்பு, எண் ஏற ஏறத் தெம்பு கம்மி). நம்ம பக்கம் வர்றவங்க மூச்சு வாங்கி, எடை குறைஞ்சு 2ல வர்றாங்க. டாட்டா ட்ரயல்ல 2 வரைக்கும் சேத்தாங்க, நீங்களும் சேத்துக்குங்க. வயசுக்கு மேல் வரம்பு போடவே போடாதீங்க.

டிபியைப் பத்தி தனியா ஒரு பத்தி எழுதணும். எக்ஸ்ரேல கறை தெரிஞ்சதும் டிபின்னு மருந்து ஆரம்பிச்சு மாசக்கணக்கா ஓட்டிட்டு அப்புறம் கேன்சர்னு தெரியவர்றவங்க நம்ம நாட்டுல நெறைய. அவங்கள்ல சில பேரு ரிஃபாம்பிசின் எடுத்துட்டே இருப்பாங்க. அது ஈரல் வழியா ஜெஃபிடினிப், ஆசிமெர்டினிப் ரெண்டையும் ரத்தத்துல நிக்க விடாம வெளியேத்திடும், மருந்து கேக்கலன்னு தப்பா முடிவு பண்ணிடுவோம். உண்மையிலேயே டிபி இருக்கா, மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழிச்சு சேக்கலாம்னு தெளிவா எழுதுங்க. பழைய டிபி தழும்பு மட்டும் இருக்குன்னு யாரையும் வெளிய தள்ளாதீங்க. அதோட இந்த மாத்திரைகள் அபூர்வமா நுரையீரலையே அழற்சிக்கு உள்ளாக்கும், புது இருமல், மூச்சுத் திணறல் வந்தா உடனே மருந்தை நிறுத்தி ஸ்கேன் எடுக்கணும். பழைய தழும்பு உள்ள நுரையீரல்ல இதைப் பிரிச்சுப் பாக்குறது கஷ்டம்ங்குறதால ஆரம்ப ஸ்கேன் நல்ல தரத்துல இருக்கணும்.

9. அனுமதியும் சம்மதமும்

புது மருந்துன்னா 2019 நியூ டிரக்ஸ் அண்ட் கிளினிக்கல் ட்ரயல்ஸ் விதிப்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓ அனுமதி, பதிவான எதிக்ஸ் கமிட்டி (நோயாளி நலனைக் காக்குற நெறிமுறைக் குழு) அனுமதி ரெண்டும் வேணும். ஏற்கனவே அனுமதியான மருந்தை வேற டோஸ்ல, வேற நோய்க்கு, ஆராய்ச்சிக்காக மட்டும் பாத்தா அகாடமிக் ட்ரயல், அதுக்கு எதிக்ஸ் கமிட்டிதான் முக்கியம். கமிட்டில குறைஞ்சது 7 பேர், பாதிப் பேரு வெளியாள். சொந்த கமிட்டி இல்லாத மருத்துவமனை அதே ஊர்ல, இல்ல 50 கி.மீ.க்குள்ள இருக்குற கமிட்டிய அணுகலாம், சின்ன ஊர்க்காரங்களுக்கு இது பெரிய உதவி. ட்ரயல்களுக்கான இந்தியப் பதிவேடு சிடிஆர்ஐல முதல் நோயாளிய சேக்குறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணணும், 2009ல இருந்தே கட்டாயம்.

சம்மதம் வாங்குறது பத்திதான் எனக்கு ரொம்ப அக்கறை. நம்ம பக்கம் மகன் சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ இருந்துட்டு ஃபோன்ல முடிவெடுப்பான், "அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிறாதீங்க"ன்னு கேப்பான். பாசத்துலதான் கேக்குறான். ஆனா நோய் என்னன்னு தெரியாதவங்க குடுக்குற சம்மதம் செல்லாது. இதுமாதிரி உக்காந்து பேசணும்:

"ஆச்சி, இது புது மாத்திரை, ஏற்கனவே உள்ளது நல்லாருக்கா புதுசு நல்லாருக்கான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. ரெண்டுல எது உங்களுக்கு வரும்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும், டாக்டர் இல்ல."

"அப்ப பெரிய டாக்டருக்கு வேண்டியவுகளுக்கு மட்டும் நல்ல மாத்திரைன்னு கெடையாதுல்ல தம்பி?"

"கெடையாது ஆச்சி. நடுவுல வேணாம்னாலும் விட்டுறலாம், வழக்கமான வைத்தியம் நிக்காது."

"சரி, எனக்கு நெஞ்சுல இருக்கது என்னன்னு மொதல்ல சொல்லு. அவன் சொல்ல மாட்டேங்குறான்."

இந்தக் கடைசி வரி வர்ற எடத்துல நிறுத்தி, குடும்பத்தையும் கூட வச்சுக்கிட்டு டாக்டரை வரச் சொல்லி பொறுமையா சொல்லணும், கையெழுத்து அன்னிக்கே வாங்கணும்னு அவசியமே இல்ல. எளிதில் பாதிக்கப்படக்கூடியவங்ககிட்ட புது மூலக்கூறு மருந்துக்குச் சம்மதம் வாங்கினா வீடியோ பதிவும் வேணும். சம்மதப் படிவத்தை ஆங்கிலத்துல எழுதி தமிழ்ல மாத்தாதீங்க, நேரா தமிழ்ல எழுதி ஆங்கிலத்துக்குக் கொண்டு போங்க, வித்தியாசம் ஒரு வாசிப்புலயே தெரியும்.

10. காரைக்குடியிலருந்து எப்படி வருவாங்க

திருச்சிக்கோ மதுரைக்கோ எண்பது தொண்ணூறு கிலோமீட்டர், சென்னைக்கு 400. காலைல பல்லவன் ரயில்ல ஏறி மதியம் சென்னை சேந்து, ரத்தம் குடுத்து, ஸ்கேன் எடுத்து, மறுநாள் திரும்பணும், கூட ஒரு ஆள் வேலைய விட்டுட்டு வரணும். வாரா வாரம் வரச் சொன்னா மூணாவது மாசம் வராம நின்னுடுவாங்க. பக்கவிளைவு அதிகமா வர்ற முதல் ரெண்டு மாசம் மட்டும் நெருக்கமா வச்சுட்டு அப்புறம் ஸ்கேன் தேதியோட எல்லாத்தையும் சேத்து ஒரே நாள்ல முடிங்க. நடுவுல ரத்தப் பரிசோதனைய ஊர்லயே தரமான லேப்ல எடுக்கலாம்னும், ஃபோன்ல பேசி பதிவு பண்ணலாம்னும் ப்ரோட்டோகால்லயே எழுதிடுங்க, எழுதாம செஞ்சா விதிமீறல் கணக்குல வந்துரும். கூட வர்றவருக்கும் சேத்துப் பயணப்படி குடுங்க.

விசிட்டுக்கு மூணு நாள் முன்ன பின்ன இடம் வைக்கிறது வழக்கம். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போற நேரத்துல நம்ம பக்கம் பாதி வீடு காலி, நோயாளி நடக்காட்டியும் கூட வர்றவங்க இருக்க மாட்டாங்க. ஏழு நாள் இடம் குடுத்தா ஒண்ணும் கெட்டுப்போகாது, ஸ்கேன் இடைவெளி மட்டும் ரெண்டு ஆர்முக்கும் ஒரே மாதிரி இருந்தாப் போதும். மாத்திரைய கோடைல எங்க வைக்கிறதுன்னும் சொல்லிக் குடுங்க, சமையக்கட்டு மேல் தட்டுல வச்சுடுவாங்க. வளவு வீட்ல காத்தோட்டமா குளுமையா இருக்குற உள் அறை அலமாரி நல்லது.

11. நடுவுல பாத்துக்குறது

ட்ரயல்ல சம்பந்தமில்லாத நிபுணர் குழு ஒண்ணு, எப்பப்ப பாக்கும், எந்த எல்லைல நிறுத்தும்னு முன்னாடியே எழுதியிருக்கணும். அறுவை சிகிச்சைக்கு அப்புறம் ஆசிமெர்டினிப் குடுத்த அடாரா ட்ரயல்ல 682 பேர், பலன் அவ்வளவு தூக்கலா இருந்ததால 2020ல அந்தக் குழு சொல்லி குறிச்ச காலத்துக்கு முன்னாடியே வெளியிட்டாங்க. அஞ்சு வருஷத்துல உயிரோட இருந்தவங்க ஆசிமெர்டினிப் பக்கம் 88, ப்ளாசிபோ பக்கம் 78 சதவீதம்னு பின்னாடி உறுதியாச்சு. சீக்கிரம் வெளியிட்டாலும் உயிர்வாழும் கணக்கை விடாம பின்தொடர்ந்ததாலதான் அந்த எண் கைக்கு வந்துச்சு.

கடுமையான பாதிப்பு எது வந்தாலும் 24 மணி நேரத்துல இன்வெஸ்டிகேட்டர் (ட்ரயலை நடத்துற டாக்டர்) தகவல் குடுக்கணும், 14 நாள்ல முழு அலசல். ட்ரயலால பாதிப்புன்னா வைத்தியமும் இழப்பீடும் உண்டு, அதைப் படிவத்துல கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல ஒளிக்காதீங்க. இன்னொண்ணு, கிரேடு 2 பேதி கீமோவுல மூணு நாள்ல போயிடும், மாத்திரைல ரெண்டு வருஷம் இருக்கும். கிரேடு 3, 4ஐ மட்டும் எண்ணாம, எத்தனை நாள் இருந்துச்சுன்னும் எழுதுங்க.

12. நோய் திரும்பினப்பவும், ட்ரயல் முடிஞ்சப்பவும்

எந்த மாத்திரைக்கும் ஒரு நாள் கேன்சர் வழி கண்டுபிடிச்சுடும். அந்த நேரத்துல ரத்தமும், முடிஞ்சா திசுவும் எடுத்து என்ன மாறுச்சுன்னு பாக்க ப்ரோட்டோகால்ல இடம் வைங்க, டி790எம் தெரியவந்து ஆசிமெர்டினிப் பொறந்ததே அப்படித்தான். அந்த சாம்பிளுக்குத் தனிச் சம்மதம் வாங்கணும்.

பலன் கிடைச்சுட்டு இருக்குறவங்களுக்கு ட்ரயல் முடிஞ்ச பிறகும் மருந்து ஓசியில தொடர்றதுக்கு விதியிலயே வழி இருக்கு, எத்தனை காலம், யார் மூலமா, எந்த ஊர்ல வாங்கிக்கலாம்னு ஸ்பான்சர்கிட்ட ஆரம்பத்துலயே எழுத்துல வாங்குங்க. கடைசியா, ரிசல்ட் தோத்தாலும் ஜெயிச்சாலும் சிடிஆர்ஐ பதிவைப் புதுப்பிச்சுட்டு, ட்ரயல்ல இருந்தவங்க வீட்டுக்கு ஒரு பக்கத்துல தமிழ்ல ரிசல்ட்டை எழுதி தபால்ல அனுப்புங்க. நோயாளி இறந்துட்டாங்கன்னாலும் அந்த வீட்டுக்கு அனுப்புங்க, அதுக்கான தபால் செலவையும் பட்ஜெட்ல இப்பவே ஒரு வரியா போட்டுடுங்க.